செப்டிக் டேங்க் சுத்தம்: லாரிக்கு ஃபோன் போடுவதற்கு முன்னும் பின்னும்

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு செப்டிக் டேங்கை முதல் தடவையாகச் சுத்தம் செய்தோம். லாரி வந்தது, ஹோஸை உள்ளே விட்டார்கள், கால் மணி நேரத்தில் "முடிஞ்சது சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியில் நின்றிருந்தேன். ஐந்தே மாதத்தில் கீழ்த்தளக் கழிவறையில் ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி வந்தது. இரண்டாவதாக வந்தவர் மூடியைத் திறந்ததும் ஹோஸைத் தொடவே இல்லை. ஒரு நீளக் கம்பை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. முதலில் வந்தவர்கள் மேலே நின்ற தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தப்பு பாதி அவர்களுடையது, பாதி என்னுடையது. என்ன எடுக்க வேண்டும் என்று தெரியாததால் என்ன எடுத்தார்கள் என்று பார்க்கவும் தோன்றவில்லை. செப்டிக் டேங்க் சுத்தம் என்றால் கசடை எடுப்பது. தண்ணீரை எடுத்துவிட்டுக் கசடை விட்டால் எதுவுமே எடுக்காததற்குச் சமம். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

டேங்க் என்பது வெறும் சேமிப்புத் தொட்டி இல்லை, தண்ணீரை அசையாமல் நிறுத்தி வைக்கும் இடம். கழிவுநீர் ஒரு பக்கம் நுழைந்து ஒன்றிரண்டு நாள் அமைதியாக நிற்கிறது. கனமானவை அடியில் படிகின்றன, அது கசடு. எண்ணெய், கொழுப்பு, சோப்பு நுரை போன்றவை மேலே மிதந்து பாலாடை போலப் படர்கின்றன, அதை ஏடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஓரளவு தெளிந்த நீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறி உறிஞ்சு குழிக்கோ மண்ணுக்கடியில் பதித்த ஓட்டைக் குழாய்களுக்கோ போகிறது.

நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் கீழ்நோக்கி இறங்கும் ஒரு டீ பைப், அதாவது ஆங்கில T எழுத்து வடிவக் குழாய், இருக்க வேண்டும். வெளியேறும் பக்கத்து டீதான் முக்கியம். ஏட்டுக்குக் கீழேயும் கசடுக்கு மேலேயும் உள்ள நடுத்தண்ணீரை மட்டும் அது எடுக்கும். அந்த ஒன்றரை அடி பிளாஸ்டிக் துண்டு உடைந்தால் ஏடு நேராக உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும்.

கசடைப் பாக்டீரியாக்கள் காற்றில்லாமலே செரிக்கின்றன. பிரான்ஸில் ழான் லூயி மூராஸ் என்பவர் 1881-ல் இப்படிப்பட்ட தொட்டிக்குக் காப்புரிமை வாங்கியபோது எல்லோரையும் வியக்க வைத்தது இந்தச் செரிமானம்தான்: போட்டதில் பெரும்பகுதி உள்ளே இல்லை! ஆனால் பெரும்பகுதிதான், எல்லாம் இல்லை. செரிக்காதது வருடா வருடம் சேர்கிறது. "பாக்டீரியா பார்த்துக்கொள்ளும், இருபது வருடமாக நாங்கள் திறந்ததே இல்லை" என்று சொல்பவர்களின் டேங்க் பெரும்பாலும் பிரச்சினையைக் கமுக்கமாக உறிஞ்சு குழிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கசடு எடுப்பது ஒரு நாள் வேலை. உறிஞ்சு குழி அடைத்துக்கொண்டால் தோட்டத்தையே தோண்ட வேண்டும்.

முதல் வேலை: டேங்கைக் கண்டுபிடிப்பது

சிரிக்காதீர்கள், பாதி வீடுகளில் இங்கேதான் தடுமாற்றம். கழிவறையிலிருந்து வெளியே வரும் குழாய் எந்தச் சுவரைத் தாண்டுகிறது என்று பாருங்கள். அந்தத் திசையிலேயே சேம்பர் மூடிகள் வரிசையாக இருக்கும், அவற்றின் முடிவில் டேங்க். காற்றுப் போக்கி, அதாவது வென்ட் பைப், நிற்கிற இடமும் ஒரு குறிப்பு. மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தாலோ மண் மூடியிருந்தாலோ, வீடு கட்டிய கொத்தனாரையோ பிளம்பரையோ கேட்பதுதான் குறுக்குவழி. இரும்புக் கம்பியால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன் என்று அங்குமிங்கும் மிதித்து நடக்காதீர்கள். பழைய ஸ்லாப்பின் உள்பக்கக் கம்பி வாயுவில் அரித்து, மேலே பார்க்க முழுசாகவும் உள்ளே பொரிந்தும் இருக்கும். ஆள் ஏறியதும் உடைந்து விழுந்த ஸ்லாப்கள் உண்டு.

கண்டுபிடித்ததும் எத்தனை மூடி என்று எண்ணுங்கள். இரண்டு அறை உள்ள டேங்கில் இரண்டு மூடி இருக்கும், இரண்டையும் திறந்துதான் எடுக்க வேண்டும். மூடியே இல்லாமல் பூசி மூடியிருந்தால் இந்தத் தடவையே ஆள் வைத்து ஒரு வாய் அமைத்துவிடுங்கள்.

சில வீடுகளில் டேங்க் என்று சொல்லப்படுவது அடி பூசாத வெறும் உறைகிணறாக இருக்கும். அதற்கு நான் கீழே சொல்லும் கணக்கு பொருந்தாது. அது நிரம்புவதும் வடிவதும் மண்ணையும் நிலத்தடி நீரையும் பொறுத்தது.

எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை?

மூன்று முதல் ஐந்து வருடம் என்பது பொதுவான பதில். உங்கள் வீட்டுக்கான பதிலை ஒரு சின்னக் கணக்கில் எடுத்துவிடலாம்.

டேங்கின் உள்ளளவு நீளம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 3 கன மீட்டர், அதாவது 3000 லிட்டர். செரித்தது போக, ஒரு ஆளுக்கு வருடத்துக்குத் தோராயமாக 40 லிட்டர் கசடு மிஞ்சும். ஐந்து பேர் இருந்தால் 200 லிட்டர். டேங்கின் மூன்றில் ஒரு பங்கு, இங்கே 1000 லிட்டர், கசடாகிவிட்டால் எடுத்தாக வேண்டும். ஆக ஐந்து வருடம். அதே டேங்கில் பத்துப் பேர் என்றால் இரண்டரை வருடம்தான். சமையலறைத் தண்ணீரும் அதிலேயே சேர்ந்தால் ஏடு வேகமாகத் தடிக்கும், இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு என்பது உத்தேசம்தான். அளந்து பார்த்தால் சந்தேகமே இருக்காது. டேங்கின் ஆழத்தை விட நீளமான ஒரு கம்பு அல்லது பிவிசி குழாய் எடுத்து, அதன் கீழ்ப் பாதியில் பழைய வெள்ளைத் துண்டை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்று வாயு கொஞ்சம் கலையட்டும். அப்புறம் வெளியேறும் குழாய்ப் பக்கமாகக் கம்பை மெதுவாக அடி தட்டும் வரை இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே வைத்து, ஆட்டாமல் நேராகத் தூக்குங்கள். துண்டில் கறுப்பான கசடு திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும் உயரம்தான் உங்கள் கசடு. அதற்கு மேலே வெறும் ஈரக்கறை மட்டும் இருக்கும். கசடின் மேல்மட்டத்துக்கும் டீ பைப்பின் கீழ்வாய்க்கும் ஒரு அடிக்குக் குறைவாக இடைவெளி இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

திறந்திருக்கிற நேரம் முழுக்கக் கூட ஒரு ஆள் இருக்கட்டும். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள். தலையைக் குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பது, பீடி சிகரெட், தீக்குச்சி, எதுவும் வேண்டாம். இதையெல்லாம் செய்ய உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் லாரிக்காரரிடமே அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆளுக்கு இது இரண்டு நிமிட வேலை.

அளக்காமலே தெரியும் அறிகுறிகளும் உண்டு. ஒரே ஒரு வாஷ்பேசின் மட்டும் மெதுவாக இறங்கினால் அந்தக் குழாயில் அடைப்பு, டேங்க்கைக் குறை சொல்லாதீர்கள். எல்லாமே மெதுவாகி, கீழ்த்தளத்தில் குளிக்கும்போது தரைச்சல்லடையில் 'குளுக் குளுக்' என்று சத்தம் வந்தால் டேங்க் பக்கம் பாருங்கள். உறிஞ்சு குழிக்கு மேல் மட்டும் புல் தளதளவென்று வளர்ந்து, மழையில்லாத நாளிலும் மண் ஈரமாக இருந்தால் விஷயம் டேங்க்கைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம்.

உள்ளே யாரும் இறங்கக் கூடாது

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். டேங்கில் மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு மூன்றும் உண்டு. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றை விடக் கனம், அதனால் பள்ளத்தில் தங்கும். அழுகிய முட்டை வாடை வருவது இந்த வாயுவால்தான். ஆனால் அந்த வாடையை நம்பக் கூடாது. காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 100 பங்கு சேர்ந்துவிட்டாலே மூக்கு மரத்துப்போகும், வாடை "போய்விட்டது" என்று தோன்றும். 700-ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கசடைக் கிளறும்போதுதான் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். திறந்தபோது ஒன்றும் ஆகவில்லை என்பது எந்த உத்தரவாதமும் இல்லை.

மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பது, முகத்தில் துணி கட்டுவது, அரை நாள் திறந்து வைப்பது, இவற்றில் எதுவும் ஆளைக் காப்பாற்றாது. துணி முகமூடி வாயுவைத் தடுக்காது. மெழுகுவர்த்தி மீத்தேனுக்குப் பொறி வைக்கும்.

ஒருவர் மயங்கி விழுந்ததும் பதறிப்போய் அடுத்தவர் இறங்குகிறார், அவரைத் தூக்க மூன்றாமவர். இந்த விபத்துகளில் ஒன்றுக்கு மேற்பட்ட உயிர் போவது இப்படித்தான். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் இறங்காமல் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். வேலைக்கு வந்தவர் "அடியில கெட்டியா இருக்கு சார், ஒரு ஆள் இறங்கினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்பார். முடியாது என்று சொல்லுங்கள். தண்ணீர் அடித்துக் கரைக்கலாம், இன்னொரு நாள் பெரிய பம்போடு வரச் சொல்லலாம். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஆளின் உயிருக்குச் சட்டம் என்ன சொல்கிறதோ இல்லையோ, நீங்களும் பொறுப்பு.

ஃபோனில் கேட்க வேண்டியவை

எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். லாரி எத்தனை லிட்டர் கொள்ளும்? உங்கள் டேங்க் 6000, லாரி 4000 என்றால் இரண்டு நடை வருமா, மிச்சத்தை விட்டுவிடுவார்களா? ஹோஸ் எத்தனை மீட்டர் நீளம்? வாசலிலிருந்து டேங்க் வரைக்கும் நீங்களே அளந்து சொல்லுங்கள். டேங்க் தெருவை விட ரொம்பப் பள்ளத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வெற்றிடத்தில் உறிஞ்சும் எந்தப் பம்பும் தண்ணீரை 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது, நடைமுறையில் அதிலும் குறைவு. சேறு இன்னும் கனம்.

அடுத்து, கசடைக் கிளறி எடுப்பீர்களா, மேல்தண்ணீர் மட்டுமா என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரை விட்டுவிடலாம். கடைசியாக, எடுத்ததை எங்கே கொட்டுவீர்கள்? கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்ட அனுமதி உள்ளவர் அதைத் தயங்காமல் சொல்வார், ரசீதும் கொடுப்பார். ஏரியிலோ காலி மனையிலோ கொட்டினால் உங்கள் வீட்டுக் கழிவுதான் யாரோ ஒருவருடைய கிணற்றுக்குப் போகிறது. குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

நாள் குறிப்பதில் ஒரு விஷயம்: அடை மழைக்காலத்தைத் தவிருங்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலியான டேங்க் படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். பிளாஸ்டிக், ஃபைபர் டேங்குகள் உண்மையாகவே மேலெழும்பிக் குழாய்களைப் பிடுங்கியிருக்கின்றன.

லாரி வந்த அன்று

மூடியைத் திறந்ததும், பம்பு போடுவதற்கு முன், தண்ணீர் மட்டத்தைத் தள்ளி நின்று பாருங்கள். டார்ச் போதும். மட்டம் சரியாக வெளியேறும் குழாயின் அடிவிளிம்பில் நின்றால் எல்லாம் ஒழுங்கு. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் டேங்க்கில் எங்கோ விரிசல், கழிவு மண்ணுக்குள் கசிகிறது. மேலே ஏறியிருந்தால் வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது. பம்பு போட்ட பிறகு இந்தச் சாட்சியம் போய்விடும். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள், ஃபோனை உள்ளே நழுவ விடாமல்.

லாரி டேங்க் மேலேயோ உறிஞ்சு குழி மேலேயோ ஏறி நிற்கக் கூடாது. ஹோஸைப் பெரிய மூடி வழியாகத்தான் விட வேண்டும். டீ பைப்புக்கு மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாக விட்டால் டீ உடையும், மூலையில் இருக்கும் கசடும் வராது.

முதலில் ஏட்டை உடைத்துக் கலக்குவார்கள். கொஞ்சம் தண்ணீர் இறங்கியதும் நல்ல ஆட்கள் பம்பைத் திருப்பி, உறிஞ்சிய தண்ணீரையே வேகமாக உள்ளே பாய்ச்சி அடிக்கசடைக் கரைப்பார்கள். நீளக் கம்பால் மூலைகளைக் கிளறுவார்கள். அப்புறம் மீண்டும் உறிஞ்சுவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை நடக்கும். ஹோஸின் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்: தண்ணீர் போகும்போது சீரான இரைச்சல், கசடு போகும்போது திக்கித் திக்கி உறுமல். உறுமலே கேட்காமல் வேலை முடிந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது அறையையும் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

"கொஞ்சம் கசடு விடணும் சார், இல்லாட்டி பாக்டீரியா செத்துடும்" என்பார்கள். தேவையில்லை. நாளைக் காலையில் முதல் ஃப்ளஷ்ஷிலேயே போதுமான பாக்டீரியா வந்துவிடும். அதற்காகச் சுவரைத் தேய்த்து, ஃபினாயில் ஊற்றிக் கழுவச் சொல்லவும் வேண்டாம். சுவரில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் இருக்கட்டும்.

காலியான பத்து நிமிடம்

காலி டேங்கை மறுபடி பார்க்க உங்களுக்கு வருடக்கணக்காகும், ஆகவே இந்தப் பத்து நிமிடத்தை விடாதீர்கள். மேலே நின்றபடியே டார்ச் அடித்து இரண்டு டீ பைப்பும் இருக்கிறதா, உடைந்து தொங்குகிறதா என்று பாருங்கள். சுவரில் விரிசல், வேர் நுழைந்த இடம், அறைகளுக்கு நடுச்சுவர் சாய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீர் டேங்குக்குள் திரும்பி வழிகிறதா? அப்படியானால் உறிஞ்சு குழி நிரம்பி நிற்கிறது. டேங்கைக் காலி செய்ததால் சில நாள் நிம்மதி கிடைக்கும், அவ்வளவுதான். குழியைத்தான் சரி செய்ய வேண்டும்.

உள்ளே வரும் குழாயையும் பாருங்கள். வீட்டில் யாரும் எந்தக் குழாயையும் திறக்காதபோதும் ஒரு நூல் போலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் எங்கோ ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒழுகலே ஒரு நாளைக்குச் சில நூறு லிட்டர் வரைக்கும் போகலாம். கசடு படிய நேரம் கொடுக்காமல் டேங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்க்கிலும் கொஞ்சம் கலர்ப் பொடி போட்டு இருபது நிமிடம் தொடாமல் விடுங்கள். பீங்கானில் கலர் இறங்கினால் அதுதான் குற்றவாளி. எங்கள் வீட்டில் யாரும் பயன்படுத்தாத மாடிக் கழிவறைதான் அகப்பட்டது.

வென்ட் பைப்பின் மேல்வாயில் கொசுவலை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கொசு இந்த வழியாகத்தான் பெருகுகிறது. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் அன்றே சிமெண்டால் ஓரத்தைப் பூசி அடைத்துவிடுங்கள், நாளைக்கு என்று விட வேண்டாம். உடைந்த மூடி மேல் பலகை போட்டு வைப்பது குழந்தைக்கு வைக்கும் பொறி. பிளாஸ்டிக் டேங்க் என்றால் வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டு நிரப்பிவிடுங்கள்.

அடுத்த தடவை வரை

மருந்துக் கடை மாதிரி அடுக்கி வைத்து விற்கும் 'டேங்க் பவுடர்' எதுவும் கசடு எடுக்கும் வேலையை மிச்சப்படுத்தாது. சில ரசாயனங்கள் கசடைக் கரைத்து மிதக்க விட்டு, உறிஞ்சு குழிக்கு அனுப்பிவிடும். அது உதவி இல்லை, உபத்திரவம். ஆசிட்டை ஊற்றிக் கழிவறை கழுவுவதைக் குறைத்தாலே பாக்டீரியா தன் வேலையைப் பார்க்கும்.

நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்புத் தாள் போன்றவை செரிக்காது. அட்டையில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். ஹோஸின் வாயை அடைப்பதும் லாரிக்காரர்களைக் கையால் எடுக்க வைப்பதும் பெரும்பாலும் இவைதான். பொரித்த எண்ணெய், பெயிண்ட், காலாவதியான மாத்திரை, இவையும் வேண்டாம். மொட்டை மாடி மழைநீர்க் குழாயை டேங்கில் இணைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். வாரத் துணியையெல்லாம் ஒரே நாளில் துவைப்பதும் அதே மாதிரிதான்: ஒரே மூச்சில் வரும் தண்ணீர் படிந்த கசடைக் கிளப்பிவிடும்.

அப்புறம் ஒரு தாளில் டேங்கின் படத்தைக் கையால் வரையுங்கள். வீட்டுச் சுவரின் எந்த மூலையிலிருந்து மூடி எத்தனை அடி, நீளம் அகலம் ஆழம் எவ்வளவு, எடுத்த தேதி, அன்று கசடு எத்தனை அங்குலம் இருந்தது, டீ பைப் எப்படி இருந்தது, எல்லாம் அதிலேயே. எங்கள் வீட்டில் அது மின்சார மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அடுத்து கம்பு விட்டு அளக்க வேண்டிய மாதத்தைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.